அத்தானின் இடது கை

என் அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஒருவருடைய கண்ணாடிச் சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருக்கும்போதே எதிரே இருப்பவரின் மூக்கில் இன்னொன்றை மாட்டி, "குனிஞ்சு நிமிருங்க, விழுதான்னு பாப்போம்" என்பாள். நானோ பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவள். "ஒரே வயித்துல பொறந்து ஒருத்திக்குச் சக்கரம் முளைச்சிருக்கு, இன்னொருத்திக்கு நாற்காலி முளைச்சிருக்கு" என்று அத்தான் எங்களைக் கேலி செய்வார்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஆர்மோனியம் வாசிப்பவர். முதலில் ஒரு நாடகக் குழுவில் வாசித்தார். குழு கலைந்த பிறகு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஆனார். அக்கா பாடுவாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் நூலகத்து அரங்கில் இருவரும் கச்சேரி வைப்பார்கள். கல்யாணமான புதிதில் தொடங்கியது, தலை நரைத்தும் நிற்கவில்லை. அக்கா ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் இடம் உலகத்திலேயே அந்த மேடையில் அத்தானின் பக்கத்து நாற்காலி ஒன்றுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவள் நான். அவள் நெஞ்சுக்குள் விசில் ஊதுவதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறேன். ஆனால் வெளியே ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. எங்கள் தெரு மேடு. ஏறும்போது மூச்சு முட்டினால் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். அந்த வார் ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. கூட வருகிறவர்கள், "ஒரு நல்ல செருப்பா வாங்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். அவள் என்னைப் பார்த்து முறைப்பாள், நான் வாயை மூடிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவள் மேடையில் ஒரு வரியை எடுத்தால் அது எங்கும் அறுபடாமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். "அந்தம்மாவுக்கு என்ன தம்!" என்று முன்வரிசையில் வியப்பார்கள். எனக்கே குழப்பம்தான். பாடுவதற்கென்று அவளுக்குத் தனியாக ஒரு நெஞ்சு இருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அத்தானின் இடது கையிலிருந்து தண்ணீர் டம்ளர் நழுவி விழுந்தது. அவர் டம்ளரைத்தான் குனிந்து பார்த்தார்; கை தொங்கிப்போனதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பியபோது இடது காலில் கொஞ்சம் உயிர் இருந்தது, இடது கையில் சுத்தமாக இல்லை. பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. வலது கை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு பம்பரம் நிற்கவே இல்லை. காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, சட்டை மாட்டுவாள். போடும்போது முதலில் இடது கை, கழற்றும்போது கடைசியில் இடது கை. மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள். மதியம் திரும்பி ஓடி வந்து சாப்பாடு எடுத்துவைத்து, அவர் வாயோரத்தில் வழிவதைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். சாயங்காலம் பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவுவாள். அப்போதும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு என்னிடம் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு வேலை முடியும் முன்பே அடுத்த வேலைக்குக் கை நீளும். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே தலை சுற்றும்.

"ஞாயித்துக்கிழமை ஒருநாளாச்சும் நான் பாத்துக்கிறேன். நீ தூங்கு" என்றேன்.

"உனக்கு அவரைத் தூக்கத் தெரியாது."

"சொல்லிக் குடு, கத்துக்கிறேன்."

"சொல்லிக் குடுக்கிற நேரத்துல நானே தூக்கிடுவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். மறுநாள் கிளினிக் முடிந்ததும் நேரே அங்கேதான் போய் நின்றேன்.

நூலக அரங்கின் செயலாளர் ஒரு பை ஆப்பிளோடு பார்க்க வந்தார். தங்கமான மனிதர், அதனால்தான் அவர் சொன்னது உறைத்தது. "அவசரமே இல்லம்மா. ஆனா கச்சேரி நின்னுபோனதுல எல்லாருக்கும் வருத்தம். நல்ல கீபோர்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். நீங்க பாடுங்க. சாரை முன்வரிசையில நல்ல காத்து வர்ற இடமாப் பாத்து உக்கார வெச்சிடலாம்."

"சரிங்க" என்றார் அத்தான்.

"சரியாவது!" என்றாள் அக்கா. "அவர் மேடையில உக்காந்தா நானும் உக்காருவேன். இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்திருக்கோம்."

அக்காவாவது வீட்டில் உட்காருவதாவது. ஆனால் அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. செயலாளர் தலையைச் சொறிந்தார். கடைசியில், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை இருவரும் மேடையேறிப் பார்ப்பது, சரிவராவிட்டால் கீபோர்டுக்காரர் கை கொடுப்பது என்று பேசி முடித்துவிட்டுப் போனார். அத்தான் ஓர் ஆப்பிளை மேசைமேல் உருட்டிக்கொண்டே சொன்னார்: "நிஜமாத்தான் சொல்றேம்மா. நீ பாடு. உன் பாட்டை எதிர்ல உக்காந்து நான் கேட்டதே இல்ல." அக்கா அந்த ஆப்பிளைப் பிடுங்கிக்கொண்டு நறுக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: மேடையில் அவர் தன் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டால் அவர் முழு நோயாளி ஆகிவிடுவார் என்று பயந்தாள். நாள் முழுக்க அவரைத் தாங்குகிறவள் அவள். மாதத்தில் ஒரு மணி நேரமாவது அவர் தன்னைத் தாங்க வேண்டும் என்று ஏங்கினாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஆர்மோனியத்துக்கு இரண்டு கை வேண்டும். வலது கை கட்டைகளில் ஓடும். இடது கை பெட்டியின் பின்பக்கத்துத் துருத்தியை அசைத்துக் காற்றை ஊதும். காற்று இல்லாவிட்டால் பெட்டி ஊமை. அத்தானுடைய பெட்டி பழையது வேறு. உள்ளே காற்றுத் தங்காது, துருத்தி நின்ற மறு நொடியே சத்தம் அடங்கிவிடும்.

முதலில் இரவல் கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். ஒரு கை போதும், ஊத வேண்டியதில்லை. கெட்டிக்காரத்தனமான யோசனை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அத்தான் அக்காவின் பாட்டோடு இரண்டு வரி வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். "இதுல அவ எங்க விடுறான்னே எனக்குத் தெரியல" என்றார். என்ன உளறுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்து நானே துருத்தியைப் பிடித்தேன். "சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி அடிக்காதே" என்றார். மெதுவாக அசைத்தேன். "தூங்கிட்டியா?" என்றார். பக்கவாதம் அவர் நாக்கைத்தான் குழற வைத்திருந்தது, நக்கலைத் தொடவே இல்லை. பொறுத்துப் பார்த்த அக்கா என்னை எழுப்பிவிட்டு, அவருடைய இடது பக்கம் நாற்காலியை ஒட்டிப் போட்டு, வலது கையைப் பெட்டிக்குப் பின்னால் நீட்டினாள்.

அக்கா ஊதினாள், அக்காவே பாடினாள், அத்தான் வாசித்தார். ஒரு வரி பாதி போயிருக்கும். திடீரென்று ஒரு பள்ளம். குரலும் இல்லை, பெட்டியும் இல்லை. பிறகு இரண்டும் சேர்ந்து தொடங்கின. அடுத்த வரியிலும் அதே பள்ளம். அதற்கடுத்த வரியிலும்.

"பெட்டியில ஏதோ கோளாறு" என்றேன்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தான், அக்காவைப் பார்க்காமல். அக்கா அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அவள் போன பிறகு அத்தான் எனக்கு விளக்கினார். நாடகக் குழுவில் ஒருநாள் பாடகிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவளுக்குப் பதிலாகப் பாட வந்தவள்தான் அக்கா. முதல் ஒத்திகையிலேயே, தன்னால் நீளமாக இழுக்க முடியாது என்று இவரிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறாள். "நீ விடுற இடத்துல நான் பிடிச்சுக்கிறேன்" என்றாராம் இவர். அன்றிலிருந்து அவள் மூச்சு வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் துருத்தியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி, அவள் விட்ட அதே சுரத்தை ஏந்திக்கொள்வார். அவள் எங்கே விடுவாள் என்பது அவருடைய இடது கைக்குத்தான் தெரியும். கேட்கிறவர்களுக்குக் குரல் ஓய்ந்ததே தெரியாது. ஊரே வியந்த தம்மில் பாதி அத்தானின் இடது கையில் இருந்திருக்கிறது. இப்போது துருத்தி அக்காவின் கையில். அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போது அவள் கையும் கூடவே நின்றுவிடுகிறது.

"அப்ப மட்டும் கையை நிறுத்தாம ஊதச் சொல்லுங்களேன்."

"சொல்லியாச்சு. அவளால முடியல." அவர் வலது கையால் தன் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இத்தன வருஷமா அந்த இடத்துல மட்டும்தான் அவ ஓய்வு எடுத்துப் பழகியிருக்கா."

எழுந்து போய் இல்லாத அடுப்புக் கருகலை நானும் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்கா விடுவாளா? கடையில் பயிற்சியை ஆரம்பித்தாள். லென்ஸ் வைக்கும் மேசை இழுப்பறையை, மூச்சை உள்ளே இழுக்கும்போது தள்ளுவது, வெளியே விடும்போது இழுப்பது. பெட்டியும் பாட்டும் இல்லாமல் இழுப்பறையும் அவளுமாக நாள் முழுக்க. இழுப்பறை சிக்கிக்கொள்கிறது போலிருக்கிறது என்று முதலாளி ஒரு தச்சரைக் கூட்டிவந்துவிட்டார். தச்சர் இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், வெண்ணெயாய் ஓடியது. "மேடம், இதுல என்ன குறை?" என்று கேட்டாராம். "எங்கிட்டதான் குறை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பெட்டியில் கை வைத்ததும் பழையபடி பள்ளம்.

கச்சேரிக்கு முந்தைய வாரம் திடீரென்று பள்ளங்கள் குறைந்தன. ஒரு வரி முழுதாக வந்தது. இரண்டாவதும் வந்தது. நான் கை தட்டினேன். அத்தான் தட்டவில்லை, ஒரு கையால் எப்படித் தட்டுவார் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு என் கண்ணாடி துடைக்கத் துணி வேண்டும் என்று அக்காவின் கைப்பையிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். உள்ளே துணியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்துக் குழாய் இருந்தது.

"என்ன இது?"

"டாக்டர் குடுத்தது. சும்மா வெச்சிருக்கேன்."

"சும்மா வெச்சிருக்கிறதுதான் முக்கால்வாசி காலியா இருக்கா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளத்தை மூட அவள் கண்டுபிடித்த வழி, மூச்சே வாங்காமல் பாடுவது. அதற்குப் பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயை உறிஞ்சுவது. "உனக்குப் புத்தி இருக்கா? நீயும் படுத்துட்டா நான் யாரைத் தூக்கறது? எனக்குத்தான் தூக்கவே தெரியாதே!" என்று கத்தினேன். கத்தக் கத்த அழுகையும் வந்தது.

"மெதுவாப் பேசு, அவருக்குக் கேக்கும்."

"கேட்டுருச்சு" என்றார் அத்தான் உள்ளேயிருந்து. "அந்தக் கீபோர்டுக்காரருக்குச் சொல்லிடு."

"சொன்னா நான் பாடவே மாட்டேன்" என்றாள் அக்கா. வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், துவைத்துக் காய்ந்திருந்த துணிகளை மறுபடி துவைக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க இருவரும் பெட்டியைத் திறக்கவில்லை. நான் செயலாளருக்குப் போன் செய்து, கீபோர்டுக்காரர் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலி, முன்னால் தாழ்வான மேசைமேல் பெட்டி, அதற்கொரு மைக், அக்காவுக்கொரு மைக். ஓரத்தில் கீபோர்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கருவியைத் துணி போட்டு மூடிவைத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். உட்காருவதில் பேர் போன எனக்கு அன்றைக்கு நாற்காலி குத்தியது.

அக்கா துருத்தியை அசைத்தாள். அத்தான் சுரம் பிடித்தார். முதல் வரியிலேயே பள்ளம் விழுந்தது. யாரோ இருமினார்கள். என் பக்கத்து இருக்கைப் பெண்மணி, "மைக் கட்டாகுது போல" என்றாள். அக்கா முகம் இறுகியதைப் பார்த்தேன். இரண்டாவது வரியை எடுத்தாள். மூச்சு வாங்க வேண்டிய இடம் வந்தது, அவள் வாங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கை வேகமாக அடித்தது, குரல் மெலிந்துகொண்டே போனது. போதும், நிறுத்து என்று கத்த வாயெடுத்தேன்.

அத்தான் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். பெட்டிக்குக் குறுக்கே நீட்டி, துருத்தியில் இருந்த அவள் கையின்மேல் வைத்து அமுக்கினார். எல்லாச் சத்தமும் நின்றது. பெட்டியின் மைக்கில் அவருடைய குழறல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"மூச்சு வாங்கும்மா. யாரும் எங்கயும் போகல."

அக்கா அவரைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் மூச்சை இழுத்தாள். மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. நான் கட்டிலில் பக்கத்தில் படுத்துக் கேட்ட அந்த விசில் ஒலிபெருக்கியில் வந்தது. ஒருமுறை இழுத்தாள், போதவில்லை, மறுபடி இழுத்தாள். யாரும் சிரிக்கவில்லை, இருமவில்லை. அத்தான் அவள் கையை விட்டுவிட்டு, விரலைப் பழைய சுரத்தின்மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் துருத்தியை அசைத்ததும் விட்ட இடத்திலிருந்து இருவரும் தொடங்கினார்கள்.

முழுப் பாட்டும் அப்படித்தான் போனது. கொஞ்சம் பாட்டு, ஒரு பள்ளம், அதில் அவள் மூச்சு, மறுபடி பாட்டு. பள்ளம் வரும்போதெல்லாம் அத்தானின் விரல் சத்தமில்லாத கட்டையை அழுத்தியபடி நின்றது. முன்புபோல் இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

"அந்தம்மாவுக்குத் தம் போயிடுச்சு, பாவம்" என்றாள் பக்கத்துப் பெண்மணி.

"எப்பவுமே இருந்ததில்லங்க" என்றேன்.

கீபோர்டுக்காரர் கடைசிவரை துணியை விலக்கவில்லை. கச்சேரி முடிந்ததும் ஆர்மோனியப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அக்கா வீடுவரை கொண்டுபோய் வைத்துவிடுவதாகச் சொல்லி முன்னால் நடந்தார். அத்தானின் சக்கர நாற்காலியை வழக்கம்போல் அக்கா தள்ளினாள். நான் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

மேட்டுத் தெருவில் பாதி ஏறியபோது அவள் நடை தளர்ந்தது. பிரேக்கைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். கை செருப்பு வாரை நோக்கிப் போனது. வாரைத் தொடவில்லை. அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இந்தா, நீ பிடி."

"எனக்குத்தான் தெரியாதே" என்றேன், வேண்டுமென்றே.

"சொல்றேன், கேளு. இடது கால் பலகையை விட்டு வழுக்கும், அதைப் பாத்துக்கோ. நிறுத்தினா பிரேக்கைப் போடு. வீட்டுப் படிகிட்ட நாற்காலியைப் பின்பக்கமாத் திருப்பி ஏத்தணும். உள்ள போனதும் அவரைத் தூக்கறப்போ இடுப்பைப் பிடி, கையைப் பிடிச்சு இழுக்காதே." இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவ்வளவுதான். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல."

பிறகு சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். முன்னால் போயிருந்த கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்து, வரட்டுமா என்று சைகையால் கேட்டார். அத்தான் வலது கையை உயர்த்தி, அங்கேயே நிற்கும்படி காட்டினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மூச்சு வாங்கி முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.